“பிள்ளைய என்கிட்ட இருந்து எடுத்துட்டுப் போயிடுங்க”: கரூரிலிருந்து எழுதிய ஒரு தந்தைக்கு

வாசகர் கடிதம்:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கரூர் பக்கம் கிராமம். ஒரே மகள், வயது 27. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சிசேரியன் செய்து ஆண் குழந்தை பிறந்தது. இப்போது ஒன்பது வாரம். முதல் மாதம் ஏதோ சோர்வு என்று இருந்தோம். இப்போது குழந்தை தூங்கும்போதுகூட அவள் தூங்குவதில்லை. சாயங்காலம் ஆனால் அழுகை. சாப்பாடு இறங்கவில்லை. “நான் இந்தப் பிள்ளைக்கு லாயக்கில்லை” என்கிறாள். குழந்தையோடு தனியாக இருக்க மறுக்கிறாள். என் மனைவி கருப்பராயன் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினாள். பிரசவம் பார்த்த டாக்டர் சொன்னதால் திருச்சியில் ஒரு மனநல டாக்டரிடம் ஒருமுறை காட்டினோம். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். பாலில் கலந்துவிடும் என்று என் மனைவி அதைக் கொடுக்கவிடவில்லை. மூன்று வாரமாக பீரோவில் இருக்கிறது. மாப்பிள்ளை ஓசூரில் கம்பெனி வேலை. அவருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் எதுவும் தெரியாது. ஐந்தாம் மாதம் அழைத்துப்போக வருவார்கள். அதற்குள் சரியாகிவிடுமா? போன வாரம் ஒரு ராத்திரி, “பிள்ளைய என்கிட்ட இருந்து எடுத்துட்டுப் போயிடுங்க” என்று சொல்லி அழுதாள். எனக்கும் தூக்கம் போய்விட்டது. மொட்டைமாடியில் உட்கார்ந்துகொண்டு விடிய விடிய யோசிக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்:

ஐயா, வணக்கம்.

கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, “எடுத்துட்டுப் போயிடுங்க” என்று, அங்கிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். மற்றதை எல்லாம் நிதானமாகப் பேசலாம். இதை இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரசவமான பெண் அப்படிச் சொல்வதற்கு என் அனுபவத்தில் மூன்று காரணங்கள் இருக்கலாம். உடம்பும் மனசும் ஓய்ந்துபோய், “என்னால முடியல, யாராவது வாங்களேன்” என்று கூப்பிடுவது ஒன்று. இரண்டாவது, “நான் பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ, கத்தியை எடுத்து ஏதாவது செய்துவிடுவேனோ” என்று வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து மிரட்டுவது. இந்தப் பெண்கள் அந்த நினைப்பைக் கண்டு நடுங்குவார்கள். அரிவாள்மனையை எடுத்து மறைத்துவைக்கச் சொல்வார்கள், குழந்தையைக் குளிப்பாட்ட மாட்டார்கள், தனியாக இருக்க மறுப்பார்கள். இது ஒருவகைப் பதற்ற நோய். நினைத்ததைச் செய்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம்தான் அவர்களை அப்படி விலகி நிற்க வைக்கிறது. மூன்றாவது, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்து, தனக்குப் பிறகு பிள்ளை பத்திரமாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே ஒப்படைப்பது. உங்கள் மகள் எதை நினைத்துச் சொன்னாள் என்பது அவளைக் கேட்காமல் தெரியாது.

யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நீங்களோ உங்கள் வீட்டம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். “ராத்திரி தூக்கம் வராம படுத்திருக்கயில என்னென்ன நினைப்பு வருது கண்ணு? செத்துப்போயிடலாம்னு தோணுதா? பிள்ளைக்கு நீயே ஏதாச்சும் செஞ்சிருவயோன்னு பயமா இருக்கா?” கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று எல்லாப் பெற்றோரும் தயங்குவார்கள். அப்படி ஆவதில்லை. கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று பெரும்பாலான பெண்கள் அழுதுகொண்டே சொல்லிவிடுவார்கள். சொன்னதும் சத்தியம் வாங்காதீர்கள், “இப்படி எல்லாம் பேசலாமா” என்று அதட்டாதீர்கள். “சொன்னயே, அதுவே போதும். நாங்க இருக்கோம். நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்” என்று சொன்னால் போதும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் இருப்பதாகச் சொன்னால் அன்றிலிருந்து அவளைத் தனியாக விடக் கூடாது. குழந்தையோடும் தனியாக விடக் கூடாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் வெளியேற்றுங்கள். மாத்திரைகள் எல்லாம் உங்கள் பூட்டுக்குள் இருக்கட்டும். மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எப்படிச் சாவது என்று யோசித்து வைத்திருக்கிறாள் என்றால் மறுநாள்வரைகூடப் பொறுக்க வேண்டாம்.

இன்னொரு நிலைமையும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் இல்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காமலே சுறுசுறுப்பாகச் சுற்றுவது, நிறுத்தாமல் பேசுவது, யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்பது, இந்தக் குழந்தை தெய்வப் பிறவி என்றோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றோ அடித்துச் சொல்வது, திடீரென்று ஆளே குழம்பிப்போவது. இது பிரசவத்துக்குப் பின் வரும் கடுமையான மனப்பிறழ்வு நிலை. ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். பின்னாலும் வரலாம். அப்படித் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள். மாரடைப்புக்கு எப்படி ஓடுவோமோ அப்படி ஓட வேண்டிய அவசரம் அது.

சரி, இனி உங்கள் மகளுக்கு என்ன நோய் என்பதற்கு வருகிறேன்.

பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு நடப்பது. இரண்டு வாரத்தில் அது தானாக அடங்கிவிடும். உங்கள் மகளுக்கு ஒன்பது வாரம் ஆகியும் அடங்கவில்லை, வளர்ந்திருக்கிறது. தூக்கம், பசி, தன்மேல் நம்பிக்கை மூன்றும் போயிருக்கின்றன. திருச்சி டாக்டர் சொன்ன மனச்சோர்வு நோய்தான் இது என்றே எனக்கும் தோன்றுகிறது, நேரில் பார்க்காமல் அதற்கு மேல் சொல்லக் கூடாது. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் கணக்குப்படி இந்தியத் தாய்மாரில் சுமார் 22 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வருகிறது. உங்கள் ஊரில் இந்த வருஷம் பிள்ளை பெற்ற பெண்களில் இன்னும் சிலர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

“ஆம்பளப் பிள்ளையப் பெத்துட்டு என்ன குறைன்னு அழுவுற” என்று யாராவது வந்து சொல்லியிருப்பார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் அந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் பின்தொடர்ந்து பார்த்து, 2002-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறப்பது, குறைந்த வருமானம், மாமியாரோடும் சொந்தப் பெற்றோரோடும் மனஸ்தாபம், கர்ப்ப காலத்தில் நடந்த கெட்ட சம்பவங்கள், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது ஆகியவை நோயோடு சேர்ந்திருந்ததை அதில் கண்டார்கள். ஆனால் இவை எதுவும் இல்லாத பெண்ணுக்கும் வருகிறது. பிரசவம் ஆன கையோடு உடம்பில் ஹார்மோன் அளவு சரசரவென்று இறங்குகிறது, சிசேரியன் வலி, வாரக்கணக்கில் உடைந்த தூக்கம், எல்லாம் ஒன்றாக அவள் மேல் விழுந்திருக்கின்றன. யார் கண்ணும் படவில்லை. நீங்கள் வளர்த்த விதத்திலும் குறை இல்லை.

கோயில் கயிறைப் பற்றி உங்கள் எழுத்தில் ஒரு கூச்சம் தெரிந்தது. வேண்டாம் ஐயா. கயிறு அவள் கையில் இருக்கட்டும். உங்கள் வீட்டம்மா தன் மகளுக்காகத் தனக்குத் தெரிந்த வழியில் ஓடியிருக்கிறார். ஒன்றே ஒன்று: கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். பட்டினி போடச் சொல்லும் இடத்துக்கு, அடிக்கும் இடத்துக்கு, பெயர் சொல்லாத பொடியைக் குடிக்கக் கொடுக்கும் இடத்துக்கு மட்டும் அழைத்துப் போகாதீர்கள்.

இப்போது அந்த பீரோ. உங்கள் வீட்டம்மாவின் பயத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன். தாய் சாப்பிடுவது பாலில் போகும் என்று அவர் நினைப்பது சரிதான். எவ்வளவு போகும் என்பதுதான் கேள்வி. பால் கொடுக்கும் தாய்மாருக்கு நாங்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது செர்ட்ராலின் என்ற மருந்து. அது பாலில் மிக மிகக் குறைவாகவே இறங்குகிறது. பல குழந்தைகளின் ரத்தத்தில் சோதித்தால் கண்டுபிடிக்கவே முடியாத அளவுதான் இருக்கிறது. பால் கொடுக்கிறேன் என்று சொல்லித்தான் காட்டினீர்கள் என்றால், டாக்டர் அதை யோசித்துத்தான் எழுதியிருப்பார். சொன்னோமா என்று நினைவில்லாவிட்டால் இப்போது சொல்லுங்கள். மூன்று வாரம் போய்விட்டதால் பீரோவிலிருந்து எடுத்து நீங்களாக ஆரம்பிக்காமல், ஒருமுறை திரும்பக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். திருச்சி தூரம் என்றால் கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம். உங்கள் வீட்டம்மாவைக் கட்டாயம் உடன் அழைத்துப் போங்கள். பாலைப் பற்றிய கேள்வியை அவரே கேட்கட்டும். டாக்டர் வாயால் பதில் கேட்டுத் தெளிந்தால்தான் வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கை அவருடையதாக இருக்கும்.

போகும்போது தைராய்டும் ரத்த சோகையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்குத் தைராய்டு கோளாறாகி, சோர்வும் படபடப்பும் தூக்கமின்மையும் அதனாலேயே வருவதுண்டு. உங்கள் இரண்டு வீட்டுப் பக்கமும் யாருக்காவது மனநோய் இருந்ததா, முன்னால் எப்போதாவது மகள் அளவுக்கு மீறிய உற்சாகத்தில், தூக்கமே தேவைப்படாமல் இருந்த நாட்கள் உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதை வைத்து மருந்தே மாறும்.

மாத்திரை சாப்பிட்ட மூன்றாம் நாளே “ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பெரும்பாலும் தூக்கமும் பசியும் முதலில் திரும்பும். குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது கடைசியில்தான் வரும். நன்றாகத் தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து கொடுப்போம். அதாவது ஐந்தாம் மாதத்துக்குள் மருந்து முடிந்துவிடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சம்பந்தி விஷயத்தில் திரும்ப வருவேன்.

மருந்தோடு சேர்ந்து வேலை செய்வது தூக்கம். குடும்பத்தால் மட்டுமே கொடுக்கக்கூடிய மருந்து என்று அதைத்தான் சொல்வேன். உங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள். மூன்று பேரும் ராத்திரி முழிக்கிறீர்கள், ஒருவரும் தூங்குவதில்லை. இதை மாற்றுங்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்கட்டும். ஒன்பதிலிருந்து இரண்டு வரை குழந்தை உங்கள் பொறுப்பு. நடுவில் ஒரு பால் வரும். சாயங்காலமே பாலைப் பீய்ச்சி, கொதிக்கவைத்த பாத்திரத்தில் மூடி பிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். வெளியே எடுத்ததை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கிக் கொடுங்கள், அடுப்பில் வைக்க வேண்டாம். மிஞ்சியதைத் திரும்ப எடுத்து வைக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டம்மாவுக்குச் சங்கில் புகட்டத் தெரிந்திருக்கும். தலையை முழங்கையில் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, கீழ் உதட்டில் சங்கின் நுனியை வைத்து, முழுங்க முழுங்கச் சாய்க்க வேண்டும். உங்களுக்கும் சொல்லித் தரச் சொல்லுங்கள். பீய்ச்சுவதே அவளுக்கு வேதனை என்றால் அந்த ஒரு வேளைக்கு மாற்றுப் பால் கொடுக்கலாமா என்று குழந்தை டாக்டரைக் கேளுங்கள். தாய் தூங்குவதற்காக ஒரு வேளை பால் மாறினால் குழந்தைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டு மணிக்கு மேல் பால் கொடுக்க எழுப்பினாலும், கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு, ஏப்பம் விடவைத்து, தொட்டிலில் போடுவது வீட்டம்மாவின் வேலை. தூக்கம் வரவைக்கும் மாத்திரை எதுவும் எழுதியிருந்தால் குழந்தையை அவள் பக்கத்தில் படுக்கவைக்கக் கூடாது.

நடத்துநராக எத்தனையோ ராத்திரி வண்டியில் கண் விழித்தவர் நீங்கள். முதல் ஷிப்ட் உங்களுடையதாக இருக்கட்டும். மொட்டைமாடியில் உட்கார்ந்து யோசிக்கும் அதே மணி நேரத்துக்குப் பேரன் உங்கள் மடியில் இருப்பான். இரண்டு மணிக்கு மேல் நீங்கள் படுத்துத் தூங்க வேண்டும், அதுவும் முக்கியம். ஆண்கள் பச்சைக் குழந்தையைத் தூக்கக் கூடாது, பழக்கமில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கும்படி விட்டும், நாலைந்து நாளாக அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை என்றால் அது டாக்டருக்கு உடனே சொல்ல வேண்டிய சேதி. தூங்க நேரம் கிடைக்காதது வேறு, நேரம் கிடைத்தும் தூங்க முடியாதது வேறு.

பகலில் குழந்தையை அவளிடமிருந்து பிரித்து வைக்க வேண்டாம். தனியாக இருக்கத்தான் பயப்படுகிறாள், கூட ஆள் இருந்தால் முடியும். அம்மா குளிப்பாட்டட்டும், அவள் தண்ணீர் மட்டும் ஊற்றட்டும். அம்மா துடைத்துக் கொடுக்க, அவள் பவுடர் போட்டுவிடட்டும். ஒருநாள் அதுவும் முடியாது என்றால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கட்டும். ஒன்பது வாரக் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருக்கும். “உன்னப் பாத்துத்தான் சிரிக்கிறான்” என்று மெதுவாகச் சொல்லுங்கள். பதிலுக்கு அவள் சிரிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பாசம் பிரசவ அறையிலேயே வந்தாக வேண்டும் என்று ஒன்றுமில்லை. தெளிந்த பிறகு பிள்ளையை விட்டு ஒரு நிமிஷம் நகராத தாய்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

“தைரியமா இரு”, “பிள்ளைக்காகவாவது சாப்பிடு”, “நாங்கெல்லாம் பெக்கலையா” ஆகிய மூன்றையும் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். சொல்கிறவருக்கு அன்பு இருக்கும், கேட்கிறவளுக்கு “நீ தோத்துட்ட” என்று கேட்கும். தட்டில் ரசம் சாதம் பிசைந்து நான்கு வாய் ஊட்டிவிடுவது எந்தப் பேச்சையும்விடப் பெரியது. பத்தியம் என்று காய்கறி, பருப்பு, பழத்தை எல்லாம் நிறுத்தி வைத்திருந்தால் திரும்பக் கொடுத்துவிடுங்கள். சாம்பிராணி போடுவது, எண்ணெய் தேய்த்துவிடுவது எல்லாம் அவளுக்கு இதமாக இருந்தால் நடக்கட்டும். சாம்பிராணிப் புகை மட்டும் குழந்தை மூக்குக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்களை வாசலோடு அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. “டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்காங்க” என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குடும்பத்தின் பங்கு பெரியது என்று நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், மனச்சோர்வு வந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கே ஊர் சுகாதாரப் பணியாளர்கள் போய், குடும்பத்தாரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசிப் பேசிப் பழக்கினார்கள். 2008-ல் முடிவு வந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இந்த உதவி கிடைத்த தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கும், கிடைக்காதவர்களில் 53 சதவீதம் பேருக்கும் நோய் இருந்தது. அந்தப் பணியாளர்கள் மனநல டாக்டர்கள் அல்ல, நம் ஊர் கிராம சுகாதார செவிலியரைப் போன்றவர்கள். உங்கள் ஊர் செவிலியர் தடுப்பூசி விஷயமாக வரும்போது அவரிடமும் மனம் விட்டுச் சொல்லி வையுங்கள்.

இனி சம்பந்தி வீடு. நீங்கள் அதிகமாகப் பயப்படுவது இதற்குத்தான் என்று தெரிகிறது. என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் மகளுக்கு ஆபத்து.

மறைத்தே ஐந்தாம் மாதம் அனுப்பிவைக்கிறீர்கள் என்று வையுங்கள். மருந்து முடிந்திருக்காது என்று மேலே சொன்னேன். புகுந்த வீட்டில் மாத்திரைப் பட்டையைப் புடவை மடிப்பில் ஒளித்து வைப்பாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து விழுங்குவாள், சில நாள் முடியாது. தீர்ந்துபோனால் வாங்கிவர ஆள் இல்லை. மறு பரிசோதனைக்கு எந்தச் சாக்கில் புறப்படுவது? ஒரு மாதத்தில் மருந்து நின்றுவிடும். நோய் திரும்பும், இந்த முறை என்ன நோய் என்றே தெரியாத வீட்டில். அங்கே அதற்குச் “சோம்பேறி”, “அழுத்தக்காரி”, “பிள்ளை மேல ஆசையில்லாதவ” என்று பெயர் விழும். ராத்திரி குழந்தையை வாங்கிக்கொள்ள யாரும் வர மாட்டார்கள், ஏனென்றால் வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் பார்க்கும் மோசமான நிலைமைகள் பல இப்படி மறைத்து அனுப்பிய வீடுகளிலிருந்து வருகின்றன.

முதலில் மகளிடம் கேளுங்கள். இது அவளுடைய உடம்பு, அவளுடைய சேதி. “உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லலாமா கண்ணு? நீ சொல்றியா, நான் சொல்லட்டா?” பல பெண்கள் சொல்ல ஏங்கிக்கொண்டிருப்பார்கள், அப்பா அம்மாவுக்குத் தலைகுனிவு என்று வாயை மூடியிருப்பார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். அந்த வீட்டில் அடி, மிரட்டல் ஏதாவது இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியவரும். அப்படி ஏதாவது இருந்தால் கதை வேறு, யாரிடம் எதைச் சொல்வது என்பதை டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

சம்மதித்தால், மாப்பிள்ளையை வரச் சொல்லி நேரில் சொல்லுங்கள். ரொம்பச் சுற்றி வளைக்க வேண்டாம். “மாப்பிள்ளை, பிரசவத்துக்கு அப்புறம் நிறையப் பேருக்கு வர்ற மனச்சோர்வு நோய் பாப்பாவுக்கும் வந்திருக்குங்க. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, மருந்து இருக்கு, குணமாயிரும். ராத்திரி பிள்ளையப் பாத்துக்க எங்களுக்கு இன்னொரு ஆள் வேணும். ஒரு வாரம் லீவு போட்டு வந்து இருங்க.” நோயின் பெயர், குணமாகும் என்ற உறுதி, அவர் செய்ய வேண்டிய வேலை, மூன்றும் இதில் இருக்கின்றன. வேலை கொடுப்பது முக்கியம். கையில் வேலை இல்லாத மனிதர்தான் யார் மேல் தப்பு என்று தேட ஆரம்பிப்பார். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரும் உள்ளே வந்து உட்காரட்டும். சம்பந்தியம்மாவுக்கு எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை மகளும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும். சொல்கிறவர் மாப்பிள்ளையாக இருந்தால் நல்லது.

புதிதாகத் தகப்பன் ஆனவர்களிலும் சுமார் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ஓசூரில் தனியாக, வீடியோ காலில் மனைவி முகம் கொடுத்துப் பேசாத காரணம் தெரியாமல் அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ. அவரையும் “நீங்க எப்படி இருக்கீங்க” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

“தெரிந்தால் வாழாவெட்டியாக்கி விடுவார்களோ” என்ற பயத்தைக் கடிதத்தில் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், ஆனாலும் படித்தேன். இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் நோயின் பெயரைச் சொன்னாலே போதாது. சேர்ந்து வாழ்வதை எதிர்பார்க்கவே முடியாத அளவுக்கு இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். மருந்தில் தெளியும் பிரசவ கால மனச்சோர்வு அப்படிப்பட்டதல்ல. குழந்தையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று அவள் பயந்தால் இதையும் சொல்லுங்கள்: 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறும் தாயிடமிருந்துகூட மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து இருந்தால்தான் தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009-லிருந்து தாயையும் குழந்தையையும் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தரும் தனிப் பிரிவே இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது தேவைப்படாமலே குணமாகலாம். தேவைப்பட்டால், மாப்பிள்ளை இருக்கும் ஓசூரிலிருந்து பக்கம்தான்.

ஐந்தாம் மாதம் அனுப்பியே ஆக வேண்டும் என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நல்ல நாளை ஜோசியர் பார்க்கட்டும், எந்த மாதம் என்பதை டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். போகும்போது மாத்திரையும் மருத்துவச் சீட்டும் மாப்பிள்ளை கையில் போக வேண்டும்.

உங்களைப் பற்றி. தூக்கம் போய்விட்டது என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். இரண்டு மாதமாக மகளின் நோயை இரண்டு வயதானவர்கள் ஊருக்குத் தெரியாமல் சுமந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டம்மா கோயிலுக்கு ஓடுவதும், மாத்திரையைப் பூட்டி வைப்பதும், நீங்கள் மாடியில் உட்கார்ந்திருப்பதும் எல்லாம் ஒரே பயம். நீங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டீர்களா? பேசுங்கள். வெளியாள் யாரிடமாவது பேசினால் தேவலை என்றிருந்தால் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மத்திய அரசின் டெலி மனஸ் சேவை அது, கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, பார்த்துக்கொள்கிறவர்களும் பேசலாம். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ நீங்கள் இருவரும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் இந்த அலைச்சலில் அதை விட்டுவிட வேண்டாம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போன ஏழு நாளில் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாள், என்ன சாப்பிட்டாள், நீங்கள் கேட்டபோது என்ன சொன்னாள் என்று அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள். அங்கே பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாள் கொடுக்கலாம். எடின்பரோ கேள்வித்தாள் என்பார்கள், தமிழிலும் உண்டு, வேலூரில் நம் பெண்களிடம் சோதித்துப் பார்த்தது. போன ஏழு நாள் எப்படி இருந்தது என்றுதான் கேட்டிருக்கும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதை அவள் தனியாக நிரப்பட்டும், நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள். பிறகு டாக்டர் அனுமதித்தால் உள்ளே போய், அடுத்த குழந்தை பற்றி ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு கூடுதல். கர்ப்பம் என்று தெரிந்த உடனே மனநல டாக்டருக்கும் சொல்லிவிட்டால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

பழைய மாத்திரைப் பட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஒன்றும் சாப்பிடவில்லை என்பதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். டாக்டர் திட்ட மாட்டார், திட்டினாலும் பரவாயில்லை. சாப்பிட்டும் கேட்கவில்லை என்று அவர் நினைத்துவிட்டால் வீணாக அளவைக் கூட்டுவார்.